பல்லியும் வளைவும் அப்பாவின் குரலும்: வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதக் கடிதங்களில் பலர் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்டிருக்கிறார்கள். 'இது என் பிறவிக் குணமா, வளர்ந்த விதத்தால் வந்ததா, இந்த வயதில் மாற்ற முடியுமா?' சேலம் அஸ்தம்பட்டியில் என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களும் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இதைக் கேட்டுவிடுகிறார்கள். எழுதியவர்களின் அடையாளத்தை மாற்றிச் சில கடிதங்களை எடுத்திருக்கிறேன்.

*

எனக்குப் பல்லி என்றால் உயிரே போய்விடும். சுவரில் பார்த்தால் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். இப்போது என் மூன்றரை வயது மகனும் அப்படியே ஓடுகிறான். என் அம்மாவுக்கும் இதே பயம் உண்டு. தறி ஓட்டும் என் கணவருக்குப் பயமே கிடையாது. 'ரத்தத்துலயே இருக்கு' என்கிறார் மாமியார். பரம்பரையாக வருமா?
- ஒரு தாய், அம்மாப்பேட்டை

சகோதரி, உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. 1980களில் அமெரிக்காவில் சூசன் மினேக்கா என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ரீசஸ் குரங்குகளை வைத்துச் சில சோதனைகள் செய்தார்கள். காட்டில் பிறந்து வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டால் மிரண்டு ஒதுங்கும். ஆய்வகத்திலேயே பிறந்த குரங்கோ கண்டுகொள்ளாது; பாம்புக்கு அப்பால் வைத்த தின்பண்டத்தைச் சாவகாசமாகக் கையை நீட்டி எடுத்துக்கொள்ளும். ஆனால் காட்டுக் குரங்கு மிரள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டால் அதற்கும் பயம் பிடித்துக்கொள்ளும். வீடியோவில் பார்த்தாலே போதும். மாதக்கணக்கில் போகாது.

அப்புறம் அந்த வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு ஒரு பூவைப் பார்த்து மிரள்வது போலக் காட்டினார்கள். பார்த்த குரங்குகளுக்குப் பூப்பயம் வரவில்லை. பொம்மைப் பாம்புக்கும் பொம்மை முதலைக்கும் பலித்தது பூவுக்குப் பலிக்கவில்லை. எதை வேண்டுமானாலும் பார்த்துப் பயப்பட மூளை தயாராக இல்லை என்பது இதில் தெரிகிறது. ஊர்வன, உயரம், பெரிய சத்தம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அது சீக்கிரம் பழகும். அந்தச் சீக்கிரம்தான் ரத்தத்தில் வருவது. பல்லியைப் பார்த்து வாசலுக்கு ஓட வேண்டும் என்பதை உங்கள் அம்மா முகத்தைப் பார்த்து நீங்கள் படித்தீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்துப் பையன் படிக்கிறான்.

அதே ஆய்வுகளில் இன்னொன்றும் உண்டு, உங்களுக்கு அதுதான் உதவும். பாம்பருகே அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்துப் பழகிய குட்டிகளுக்கு, பிறகு மிரளும் குரங்கைக் காட்டியபோது பெரும்பாலும் பயம் ஒட்டவில்லை. உங்கள் வீட்டில் அமைதியான ஆள் இருக்கிறார். இரவில் தறியை நிறுத்திவிட்டு அவர் பையனை மடியில் வைத்துக்கொண்டு, டியூப்லைட் பக்கம் பல்லி பூச்சி பிடிப்பதை வேடிக்கை பார்க்கட்டும். 'பயப்படாதே' என்று சொல்லவே வேண்டாம். 'அங்க பாரு, பிடிச்சிருச்சு' என்றால் போதும்.

பையனுக்கு ஏற்கெனவே பயம் வந்துவிட்டதே என்பீர்கள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிறையாத பையனுக்கு வைத்தியம் செய்தார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். பயமில்லாத மற்ற குழந்தைகளையும் கூட விளையாட விட்டார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவினான். நூறு வருடமாகியும் நாங்கள் அந்த வழியைத்தான் கொஞ்சம் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறோம். உங்களுக்கும் அதே வழி: முதலில் படம், அடுத்து வீடியோ, அடுத்து அறையின் மறுகோடியில் நிஜப் பல்லி. ஒவ்வொன்றிலும் ஓடாமல் நின்று, படபடப்பு தானாக இறங்குவதைப் பாருங்கள். வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. தினசரி நாள்காட்டி அட்டைக்குப் பின்னால் இருக்கும் பல்லி விழும் பலனைக் கொஞ்ச நாளைக்குப் படிக்காமல் இருங்கள். தலையில் விழுந்தால் கலகம் என்று எழுதி வைத்திருக்கும் வீட்டில் எந்தக் குழந்தைதான் நிம்மதியாகத் தூங்கும்?

*

பத்து வயதில் ஒரு நாள் மல்கோவா நிறையச் சாப்பிட்டேன், அன்று இரவே வாந்தி. காய்ச்சலால் வந்த வாந்தி என்றார் டாக்டர். இன்று 44 வயது. மாம்பழ வாசனை வந்தாலே குமட்டுகிறது. சேலத்துக்காரன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
- அயோத்தியாப்பட்டணம் வாசகர்

காய்ச்சல்தான் காரணம் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் குடலுக்குத் தெரியாது. ஜான் கார்சியா என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, அதன்பின் கதிர்வீச்சால் உடம்பு சரியில்லாமல் செய்தார். எலிகள் அந்த இனிப்பை அதற்குப் பிறகு ஒதுக்கின. சுவைக்கும் நோய்க்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் அந்த முடிச்சு விழுகிறது. ஒளியையும் ஒலியையும் நோயோடு அப்படி முடிச்சுப் போட எலியால் முடியவில்லை. தின்றதில்தான் தப்பு என்று முதலில் சந்தேகிக்கிற உடம்பு விஷத்திலிருந்து பிழைக்கும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு.

மாம்பழம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. ஆசை இருந்தால் மல்கோவாவில் தொடங்காதீர்கள். கிளிமூக்கு மாங்காயில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டு ஒரு கீற்று. அவ்வளவுதான் இந்த சீசனுக்கு.

*

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். வயது 29. ஏழு வயதில் அம்மாவோடு மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பேருந்து தடுப்புச்சுவரில் இடித்து நின்றது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் அம்மா கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து மலைப்பாதை என்றால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் பயணம். போன வருடம் சேலத்தில் ஒரு ஆலோசகரிடம் சில வாரங்கள் போனேன். மூச்சுப் பயிற்சி, கற்பனையிலேயே வளைவுகளைக் கடப்பது எல்லாம் செய்தோம். நன்றாகக் குறைந்தது. அப்புறம் ஐப்பசி மழையில் மூடுபனியோடு இறங்கியபோது மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. செலவழித்த பணமும் நேரமும் வீணா?
- ஏற்காடு வாசகர்

வீணில்லை. பாதி வேலை முடிந்திருக்கிறது, மீதிப் பாதியைச் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது.

உங்களுடைய பயத்தில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. முதலாவது, உயரம். 1960இல் எலனோர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனமான கண்ணாடிப் பலகையை ஒரு பக்கம் தரையோடு ஒட்டியும், மறுபக்கம் கீழே பள்ளம் தெரியும்படியும் வைத்துத் தவழும் குழந்தைகளை விட்டார்கள். அம்மா அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டும் பெரும்பாலான குழந்தைகள் பள்ளத்துப் பக்கம் போகவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சும் போகாது. பள்ளத்தாக்கைப் பார்த்து வயிறு கலங்குவது நோயில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது, குமட்டல். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம்' என்கிறது, மூடிய கண்ணோ ஒன்றும் சொல்வதில்லை. எலுமிச்சை எவ்வளவு முகர்ந்தாலும் இந்தச் சண்டை தீராது. கண்ணைத் திறந்து தூரத்துச் சாலையைப் பார்த்தால் ஓரளவு தீரும்.

மூன்றாவதுதான் உங்கள் அம்மாவின் குரல். 1985இல் வெளியான ஓர் ஆய்வில் இதே கண்ணாடிப் பலகையில் ஆழத்தை மிகவும் குறைத்து, பயப்படுவதா வேண்டாமா என்று சந்தேகம் வருகிற அளவில் வைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தைகள் விளிம்பில் நின்று அம்மா முகத்தைப் பார்த்தன. அம்மா சிரித்தால் பெரும்பாலானவை கடந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. ஏழு வயதில் உங்களுக்குப் பேருந்து இடித்ததைவிட அம்மா கத்தியதுதான் பெரிய செய்தி.

சரி, குறைந்த பயம் ஏன் திரும்பியது? ரஷ்ய ஆய்வாளர் பாவ்லோவின் நாய்க் கதை எல்லோருக்கும் தெரியும்: மணி அடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், பிறகு மணி அடித்தாலே எச்சில். மணி அடித்து அடித்துச் சோறு போடாமல் விட்டால் எச்சில் நின்றுவிடும். ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டுத் திரும்ப மணி அடித்தால் எச்சில் மறுபடி வந்ததையும் பாவ்லோவே பார்த்தார். பின்னாளில் மார்க் பூட்டன் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து இதை விவரமாக ஆராய்ந்தார். ஒரு கூண்டில் பயத்தைக் கற்ற எலிக்கு வேறொரு கூண்டில் பயம் தெளிய வைக்கலாம். பழைய கூண்டுக்குத் திரும்பியதும் பயமும் திரும்பிவிடும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: பேரேட்டில் பழைய பதிவை யாரும் அழிக்கவில்லை, அதற்குக் கீழே புதிய பதிவு ஒன்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புதிய பதிவு மின்விசிறி ஓடுகிற, தரை ஆடாத ஒரு சேலத்து அறையில் விழுந்தது. மழை, மூடுபனி, இறக்கம், டீசல் வாசனை எல்லாம் சேர்ந்த இடத்தில் பழைய பதிவுதான் முதலில் கண்ணில் படும்.

ஆகவே இனிப் பயிற்சி அந்த இருபது வளைவுகளில்தான். வெயில் நாளில், பகலில், முன் இருக்கையில் தொடங்குங்கள். ஏறுவதற்கு முன் ஒரு தாளில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள்: 'பிரேக் பிடிக்காது', 'மயங்கி விழுவேன்'. அடிவாரம் வந்ததும் அதற்குப் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். கண் திறந்தே இருக்கட்டும். எலுமிச்சம்பழம் முதலில் பைக்குள் போகட்டும், பிறகு வீட்டிலேயே இருக்கட்டும். கையில் பழம் இருக்கும்வரை 'அதனால்தான் பிழைத்தேன்' என்று மூளை பழத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும். அப்புறம் மாற்றிக்கொண்டே இருங்கள்: பின் இருக்கை, சன்னலோரம், சாயங்காலம், தனியாக, குப்பனூர் வழி. மழை நாளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய பாடம் அன்றைக்குத்தான் நடக்கிறது. நடுவழியில் காட்டெருமை நின்று பேருந்தும் நின்றால், அப்போது வரும் படபடப்பைத் தாளில் எழுத வேண்டாம். அது ஓட்டுநருக்கும் வரும்.

அந்த ஆலோசகரிடமே திரும்பப் போய், 'மலைப்பாதையில் செய்ய ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள்' என்று கேளுங்கள். பாதித் தெரிந்தவர் அவர்தான்.

*

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை, வயது 41. சேதாரக் கணக்கு கேட்டு ஓனர் குரலை உயர்த்தினால் எனக்கு வாய் கட்டிவிடும். கணக்கு சரியாக இருந்தாலும் பேச்சு வராது. வீட்டில் மனைவி சத்தம் போட்டாலும் அப்படித்தான். ஆலோசனைக்குப் போனால் முதல் நாளே 'அப்பா எப்படி?' என்று கேட்டார்கள். அப்பா கோபக்காரர், அடிப்பார். ஆனால் உழைத்துக் கரையேற்றியவர். இப்போது உயிரோடு இல்லை. அவரைக் கூண்டில் ஏற்ற நான் போகவில்லை. எழுந்து வந்துவிட்டேன். நான் செய்தது சரிதானே?

தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு நீங்கள் நினைத்த அர்த்தம் இல்லை.

ஆபத்து வந்தால் உடம்புக்கு எதிர்ப்பதும் ஓடுவதும் மட்டும் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் மூன்றாவது ஒன்று இருக்கிறது: அசையாமல் நிற்பது. முயலும் மானும் செய்வது அதுதான். அப்போது தசை இறுகும், இதயத்துடிப்புகூடக் குறையும், குரல் எழாது. எட்டு வயதுப் பையன் அப்பாவைத் திருப்பி அடிக்கவும் முடியாது, வீட்டை விட்டு ஓடவும் முடியாது. பேசாமல் நின்றால் அடி சீக்கிரம் முடிந்தது என்றால், உடம்பு அதை வெற்றி பெற்ற வழியாக எடுத்து வைத்துக்கொள்ளும். அன்றைக்கு அது சரியான வழிதான். இன்றைக்கு ஓனர் அடிக்கப் போவதில்லை, நீங்கள் எட்டு வயதுப் பையனும் இல்லை. குரல் உயர்ந்த அந்த நொடியில் உடம்பு இதையெல்லாம் சரிபார்ப்பதில்லை. ஆலோசகருக்குத் தெரிய வேண்டியது உங்கள் அப்பா நல்லவரா கெட்டவரா என்பதில்லை. இந்த மௌனம் எந்த வயதில், எந்த அறையில் உங்களுக்கு உதவியது என்பதுதான். முதல் நாளே அப்படிப் பட்டென்று கேட்டிருக்க வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். பெரியவர் சத்தம் போடும்போது வாய் திறக்காத பையனுக்கு 'நல்ல பையன்' என்று பெயர். பயத்துக்கும் மரியாதைக்கும் வித்தியாசம் தெரியாமலே வளர்ந்து மீசை வைத்துவிடுகிறோம். 'அடியாத மாடு படியாது' என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கே அது சரியில்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஓனரிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்யுங்கள்: 'அண்ணே, சீட்டை எடுத்துட்டு வந்து எடை போட்டுக் காட்டறேன்.' அதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் மனைவி ஓனராக நடித்துக் குரலை உயர்த்திக் கேட்கட்டும், நீங்கள் பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டபடி சொல்லுங்கள். முதலில் மெல்லிய சத்தம், பிறகு பட்டறை அளவுச் சத்தம். இருவரும் சிரித்துவிடுவீர்கள், பரவாயில்லை. சிரிப்பு வருகிற இடத்தில் உடம்பு இறுகி நிற்பது கடினம். மனைவிக்கும் உங்கள் மௌனம் அலட்சியமில்லை என்று அப்போதுதான் புரியும். பிறகு ஆலோசகரிடம் போய், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். 'உழைத்துக் கரையேற்றியவர்' என்ற வரியையும் சேர்த்து. இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாம், தப்பில்லை.

*

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறேன். அப்பாவுக்கும் அப்படித்தானாம். படிப்பை விட்டுவிடவா?
- ஆத்தூர் மாணவி

விட வேண்டாம் மகளே. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி, காயம் பார்த்து வரும் இந்த ஒன்றில் மட்டும் ஏறிய அழுத்தம் திடீரென்று இறங்கும், அதனால்தான் மயக்கம். குடும்பங்களில் ஓடுவதும் உண்மை. ஆகவே 'ரிலாக்ஸ் ஆகு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்களுக்கு அது எதிர்விளைவைத்தான் தரும். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கிய முறை இது: கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடியுங்கள், முகம் சூடாவது தெரியும். பிறகு இயல்பு நிலைக்கு விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி. ஐந்து தடவை. தினமும் பழகி, அப்புறம் ரத்தப் படம், அப்புறம் வார்டு. முன்னதாக ஒருமுறை மருத்துவரிடம் இதயமும் ரத்தசோகையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியையிடமும் சொல்லி வையுங்கள். அந்தத் துறையில் இப்படித் தொடங்கியவர்கள் நிறையப் பேர்.

*

மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே அம்மாவும் அப்பாவும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். வாழப்பாடி பக்கம் ஆயாதான் வளர்த்தார். ஏழு வயதில் என்னைத் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டார்கள். இப்போது கணவர் போன் எடுக்கத் தாமதமானால் இருபது தடவை கூப்பிடுகிறேன். இணையத்தில் ஒரு 'அட்டாச்மென்ட்' (பிணைப்பு) சோதனை செய்தேன், 'பதற்ற வகை' என்று வந்தது. பிறந்ததும் அம்மாவோடு ஒட்டாததால் வந்த கோளாறா? இனி சரியாகாதா?
- 31 வயது வாசகி

வாத்துக் கணக்கை மனிதருக்குப் போட்டதால் வந்த பயம் இது. முட்டையிலிருந்து வந்த வாத்துக்குஞ்சு முதலில் பார்த்த அசையும் உருவத்தின் பின்னால் போகும் என்பதை 1935இல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் விரிவாக எழுதினார். அவர் பின்னாலேயே குஞ்சுகள் வரிசையாகப் போயின. அதைப் படித்துத்தான் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் மனிதக் குழந்தையின் பிணைப்பைப் பற்றி யோசித்தார். ஆனால் மனிதக் குழந்தைக்கு அது மணிக்கணக்கில் முடிகிற வேலையில்லை. மாதக்கணக்கில் நடக்கும், ஒன்றுக்கு மேற்பட்டவரோடும் நடக்கும். ஆயாவோடு உங்களுக்கு இருந்தது முழுமையான பிணைப்பு, அம்மாவுக்குப் பதிலாகக் கிடைத்த அரைகுறை அல்ல. எனக்குத் தெரிவது என்னவென்றால், உங்கள் காயம் மூன்று மாதத்தில் இல்லை, ஏழு வயதில் ஆயாவிடமிருந்து பிரித்த நாளில் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். 'அம்மாகிட்ட போற, சந்தோஷமா இரு' என்றிருப்பார்கள்.

பிரிந்த குழந்தை அழுது கூப்பிடுவது இயல்பூக்கம். இருபது அழைப்பும் அந்த அழுகைதான். அந்தப் பழக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று: கணவர் சில நாள் மூன்றாவது அழைப்பில் எடுக்கிறார், சில நாள் பதினெட்டாவதில். எப்போது பலன் கிடைக்கும் என்று தெரியாத பழக்கம்தான் விடவே விடாது என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டினார். ஆகவே இருவரும் பேசி ஒப்பந்தம் போடுங்கள்: முடியாதபோது அவர் ஒரு வரிச் செய்தி அனுப்ப வேண்டும், நேரம் குறிப்பிட்டு. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். நீங்கள் ஒரு அழைப்போடு நிறுத்த வேண்டும். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். இணையச் சோதனையை மறந்துவிடுங்கள். ஆயா இருக்கிறார் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்த ஏழு வயது நாளைப் பற்றிக் கேளுங்கள்.

*

ஒரு 'தெரபிஸ்ட்' என்னை ஹிப்னாடிசம் செய்து ஒரு வயதில் தொட்டிலில் கிடந்த நினைவை எடுத்தார். பெரியப்பா என்னைக் கீழே போட்டதாக வந்தது. என் பயம் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாம். பெரியப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். இன்னும் பத்து அமர்வு வேண்டும், 25,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொல்கிறார்.
- சீலநாயக்கன்பட்டி வாசகர்

ஒரு வயதில் நடந்ததைப் பெரியவர்கள் காட்சியாக நினைவுகூர்வதில்லை. பெரும்பாலானோரின் முதல் நினைவு மூன்று வயதை ஒட்டித்தான் தொடங்கும். அதற்கு முன் உடம்பு கற்றுக்கொள்கிறது, கதையாக எடுத்து வைப்பதில்லை. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவீதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை, வீட்டார் சொன்னது போல எழுதிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் அதை முழுதாகவோ பாதியாகவோ 'நினைவுகூர்ந்தார்'. ஹிப்னாடிசமே இல்லாமல். பயத்துக்குச் சிகிச்சை செய்ய அந்த முதல் நாளைக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. ஏற்காட்டுத் தம்பிக்கு அது தெரியும், இருந்தும் பயம் போகவில்லை; ஆத்தூர் மாணவிக்கு அப்படி ஒரு நாளே இல்லை.

அந்த நபரிடம் அவருடைய தகுதியையும், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இருக்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி-மானஸ் இலவசம், தமிழிலேயே பேசலாம். முன்பணம் கட்ட வேண்டாம். பெரியப்பாவுக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.